எழுமலைக்கு ஒரு டிக்கெட்

உசிலம்பட்டியில் பூ மார்க்கெட் விழிக்குமுன்
எழுமலைக்கு முதல் வண்டி கிளம்பிவிடும்.
"சிஸ்டர், பின்னாடி கோழிக்கூடை இருக்கு,
முன்னாடி வாங்க" என்கிறார் கண்டக்டர்.
மடியில் பிரஷர் பார்க்கிற பெட்டி,
இரும்புச்சத்து மாத்திரை நூறு,
நேற்று வந்த கடிதம்.

சின்னக் கடிதம்தான்.
ஜார்க்கண்டில் காட்டோரம் ஒரு மருந்தகம்,
பதினைந்தாம் தேதிக்குள் போய்ச் சேரவும்.
இதற்கு எங்கள் சபையில் 'கீழ்ப்படிதல்' என்றே பெயர்.
கீழ்ப்படிதல் வந்துவிட்டதா என்று கேட்டுக்கொள்வோம்,
கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்பதுபோல.

இந்தப் பக்கத்தில் "ஆகட்டும்" என்றால்
ஆகாது என்று பொருள்.
ஒச்சம்மாளின் பட்டாவுக்கு மூன்று வருடமாகத்
தாலுகா ஆபீஸில் கிடைக்கும் பதில் அது,
மின்விசிறிக்கு அடியில், முகம் நிமிராமல்.
அதே சொல்லை நான்
காலை, நண்பகல், மாலை, மணியடித்ததும்
மாதாவின் வாயிலிருந்து வாங்கிச் சொல்கிறேன்.

ஒச்சம்மாளுக்கு நாற்பத்து நான்கு.
வளைகாப்பு முடிந்து தாய்வீடு வந்த மூத்த மகள்
அம்மாவின் வயிற்றைப் பார்த்தாள்;
வளையல் சத்தம் அடங்குவதற்குள் அடுத்த வண்டி ஏறிவிட்டாள்.
புருஷன் திருப்பூரில். போனை எடுப்பதில்லை.
ஐந்து மாதம் அவள் வாசலுக்கு வரவில்லை.
ஆறாவதில் நான் போனேன்.
முதல் நாள் கதவு திறக்கவில்லை.
இரண்டாம் நாள் குடத்தை நீட்டினாள்:
"வந்தது வந்தீக, இதைப் பிடிங்க."

பிடித்தேன்.
தண்ணீர், விறகு, ஆட்டுக்குத் தழை,
வீங்கிய காலுக்கு ஒரு தலையணை.
வேதம் என்று எதுவும் பேசவில்லை.
ஒருநாள் மட்டும், பட்டியைக் கையில் சுற்றிக் காற்றடிக்கும்போது
அசையாமலிருக்க ஒரு கதை சொன்னேன்:
வயிற்றுப்பிள்ளையோடு மலைநாட்டுக்கு
விரைந்து நடந்த சின்னப் பெண்,
வயதுபோன காலத்தில் உண்டான அவள் உறவுக்காரி.

"அங்க போயி என்ன செஞ்சாக உங்க மாதா?"
"எழுதலை."
"எழுதமாட்டாக. பொம்பளை சட்டி வெளக்குனதை
எவன் எழுதுவான்?"
பாதரசம் நூற்றைம்பதில் நின்றது.
"எத்தனை நாள் இருந்தாக?"
"மூணு மாசம் போல."
விரல் மடக்கினாள். ஆறும் மூணும்.
"அப்ப பேறுகாலத்துக்கு இருந்தாகளா,
அதுக்கு முந்திக் கெளம்பிட்டாகளா?"

துறவுக்கு வந்து இருபத்திரண்டு வருடம்.
சந்தோஷ தேவ இரகசியத்தில் இரண்டாவதை
எத்தனை ஆயிரம் தரம் உருட்டியிருப்பேன்,
இந்தக் கணக்கை மட்டும் போட்டதில்லை.
முதலில் மாதாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு
அடுத்த வரியில்தான் அந்தப் பிள்ளையைப்
பிறக்க விடுகிறார் நற்செய்தியாளர்.
"தெரியல ஒச்சம்மா."
"இருந்திருப்பாக.
அந்த நேரத்துல எந்தப் பொம்பளை விட்டுட்டுப் போவா?
எழுதுனவருக்குத்தான் அவசரம்."

ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதி இருபத்தெட்டு.
"நீங்க கூட வந்தா வாரேன்,
இல்லன்னா இங்கனயே கெடக்கேன்" என்கிறாள்.

இரவெல்லாம் சிற்றாலயத்தில் இருந்தேன்.
செபித்தேன் என்று சொன்னால் பொய்.
கொசு அடித்துக்கொண்டிருந்தேன்.
நடுவில் ஞாபகம் வந்தது:
வானதூதரிடம் மாதா முதலில் சொன்னது ஆகட்டும் அல்ல.
இது எப்படி என்றுதான்.
கேட்டதற்கு வானத்தில் யாரும் கோபித்துக்கொள்ளவும் இல்லை.

அதனால் எழுதியிருக்கிறேன்,
அதே கடிதத்தின் முதுகில், பென்சிலால்:
மாகாணத் தலைவி அம்மாவுக்கு,
போகிறேன். போகமாட்டேன் என்று சொல்லவில்லை.
பதினைந்து எப்படி?

பேரையூர் விலக்கில் வண்டி நின்றபோது
தபால் பெட்டி கண்ணில் பட்டது.
இறங்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.
மேற்கே மலை இன்னும் மேகத்துக்குள் இருந்தது.

ஒச்சம்மாள் ஆட்டுக்கயிற்றைப் பிடித்தபடி
வாசலில், வெளியே, நின்றிருந்தாள்.
பக்கத்து வீட்டார் பார்க்கிறார்கள், பார்க்கட்டும் என்று.
பையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.
"இருப்பீகள்ல?"

நாக்கு நுனிக்கு அந்தச் சொல் வந்துவிட்டது.
விழுங்கினேன்.
குழாயில் ஏழு மணிவரைதான் தண்ணீர்.
குடத்தை எடுத்துக்கொண்டு நடந்தேன்.