மியூட்

ரயில் வரும்போதெல்லாம் மியூட்.
வெள்ளவத்தைக் கடலும்
கீழ்வீட்டுக் குக்கரும்
மெல்பனுக்குக் கேட்கக்கூடாது.

முதல் நாளே சொன்னார்:
"அண்ணை எண்டே கூப்பிடும்."
நான் திரு. கருணைராஜா என்றே எழுதினேன்.
அண்ணைமாருக்கு
இன்வொய்ஸ் அனுப்புவது கஷ்டம்.

அவருடைய மன்னிப்புகளை நான்தான் எழுதுகிறேன்,
மனைவிக்குப் பூ அனுப்புவதும் நான்தான்.
அவவுக்கு மஞ்சள் பிடிக்காது;
அது இன்னும் அவருக்குத் தெரியாது.

நேற்றுக் கூட்டத்தில் யாரோ கேட்க,
"அது எங்கட பிள்ளை" என்று சிரித்தார்.

மியூட்டை எடுத்தேன்.
"வணக்கம். துஷ்யந்தினி அருமைநாதன்.
சொந்தமாய்த் தொழில் செய்கிறேன்.
இவர் என் வாடிக்கையாளர்களில் ஒருவர்."
மொத்தமே இரண்டு பேர்;
அதைச் சொல்லவில்லை.

எவரும் பேசாத அந்த இடைவெளியில்
மருதானை ரயில்
முழுதாய்க் கடந்து போனது.

இரவு, இன்வொய்ஸ் பதினேழு.
பதினாறின் காசே இன்னும் வரவில்லை.
"அன்புடன்" என்று முடிக்கப் போய்
அழித்துவிட்டு
"நன்றி" என்று போட்டேன்.