பத்தொன்பது ஃபிரேம்

கணக்குத் தாளின் பின்பக்கம்
பன்னிரண்டு கட்டம் கீறினோம்.
ஒன்று: ஈரத் தரை.
இரண்டு: சப்பாத்து.
மூன்றில் கிங்கா சாவியைத் தவறவிடுகிறாள்.
ஏழில் 'கொலைகாரன்' என்று எழுதியதும்
ரோரி தன் பெயரைப் பக்கத்தில் போட்டுக்கொண்டான்.

கொவென்ட்ரி, கார் நிறுத்துமிடம், ஆறாம் மாடி.
நவம்பர். நாலரைக்கே இருட்டு.
சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டிக்குள்
கமராவோடு நான் குந்தியிருக்க
நிதுர்ஷன் தள்ளினான்.
ஒரு சில்லு மட்டும் கிரீச்சிட்டுக்கொண்டே வந்தது.
எண்ணெய் விட ஒருவரும் நினைக்கவில்லை.
கத்தியைத் தூக்கும்போதெல்லாம் ரோரிக்குச் சிரிப்பு.
பதினாலு டேக்.
பீட்ரூட் சாறு அவன் கையுறையில்
ஊதாவாய்க் காய்ந்துபோனது.
காவலாளி வந்தார், பத்து நிமிடம் தந்தார்.
எட்டாவது நிமிடம் பற்றரி செத்தது.

எடிட்டிங் அறையில்
முதலில் ரோரியை வெட்டினேன்.
பிறகு கத்தியை. சாற்றை. சாவியை.
இடிமுழக்கம்போல் நிதுர்ஷன் போட்ட இசையை.
இரண்டு நிமிடம் கேட்டிருந்தார்கள்.
பயம் ஒரு நொடிக்குக்கூட இல்லை.

அப்புறம்தான் கண்டேன்:
கட் சொன்ன பின்னும் ஓடிய கமராவில்
கிங்கா தலைமுடியின் மழையை உதறுகிறாள்,
நிற்கிறாள்,
பின்னாலுள்ள தூணைத் திரும்பிப் பார்க்கிறாள்.
பத்தொன்பது ஃபிரேம்.
முழு நொடிகூட இல்லை.
நாங்கள் எல்லோரும்
கமராவுக்கு இந்தப் பக்கம் நின்றோம்.

"என்னத்தைப் பார்த்தாய்?" செய்தி அனுப்பினேன்.
"எப்போது?"
"தூணடியில். கட் சொன்ன பிறகு."
நீலக் கோடு இரண்டு விழுந்தது.
தட்டச்சுகிறாள் என்று காட்டியது,
நின்றது,
திரும்பவும் காட்டியது.
பதில் வரவில்லை.

சில்லின் கிரீச்சை எடுத்து
அந்தப் பார்வைக்கு அடியில் வைத்தேன்.
படம் இப்போது அங்கேதான் தொடங்குகிறது.