ஐம்பத்தொன்றா, ஐம்பத்துநான்கா

கடைக்குள் நுழைந்ததும் எஸ்கில் கேட்டது
என் உயரத்தை அல்ல.
"குனிந்தால் விரல் எதுவரை போகும்?"
கணுக்கால் என்றேன்.
காட்டச் சொன்னான்.
முழங்காலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது கை.
வெளியே லெம்விக் துறைமுகத்தில்
பாய்மரக் கம்பிகள் காற்றில் கணகணவென்று அடித்துக்கொண்டன,
யாரோ சிரிப்பது போல.

பாஸ்போர்ட்டில் நான் நூற்று எழுபத்தொன்று.
சுவரில் நூற்று அறுபத்தொன்பதரை.
கீழ்முதுகில் இரண்டு திருகாணி போட்ட டாக்டரிடம்
அந்த ஒன்றரை சென்டிமீட்டரை எங்கே வைத்தீர்கள் என்று
கேட்க மறந்திருக்கிறேன்.

ரசமட்டத்தைத் தொடைகளுக்கு நடுவே பிடிக்கச் சொல்லி
"இன்னும் மேலே. சீட் கூச்சப்படாது" என்றான்.
கால் நீளத்தை எழுதினான்.
எழுதியதன் மேல் ஒரு கோடு இழுத்தான்:
சாதா சைக்கிளுக்குத்தான் இது.
டைம் டிரையல் வண்டியில் சீட்டை எப்படியும் ஏற்றலாம், இறக்கலாம்.
மாறாதது முன்னால் இருக்கிறது.
பெடல் அச்சிலிருந்து தலைக்குழாய்
எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம்.
இரண்டே எண்கள்.
இரண்டுமே என்னைக் கேட்டு வைத்தவை அல்ல.

முதலில் ஐம்பத்தொன்று.
கருப்பு. குட்டிச் சட்டகம்,
உளியின் வாய் போல மெல்லிய குழாய்கள்.
ஏறிப் படுத்தேன்.
முழங்கைகள் மெத்தையில், உள்ளங்கைகள் சேர்ந்து,
முதுகு மேசை ஆயிற்று.
பக்கத்துத் திரையில்
இருபத்துமூன்று வயதில் ஹோல்ஸ்டெப்ரோ சாலையில்
நாற்பது கிலோமீட்டரை ஐம்பத்தாறு நிமிடத்தில் கிழித்தவள்
அப்படியே இருந்தாள்.

"இதுதான்" என்றேன்.
"மிதியுங்கள்" என்றுவிட்டுக் காபி போடப் போனான்.

நாலாவது நிமிடம் தோள்கள் காதை நோக்கி ஏறின.
ஏழாவதில் சீட்டின் நுனிக்கு நழுவி,
பின்னே தள்ளி, மறுபடி நழுவி.
ஒன்பதாவதில் தலை தானாக நிமிர்ந்தது,
ஓட்டிலிருந்து எட்டிப் பார்க்கும் ஆமை.
காற்றுக்கு அது போதும்.
எண்சாண் உடம்பை எவ்வளவு மடித்தாலும்
சிரசு நிமிர்ந்தால் மொத்தமும் நிமிர்ந்த கணக்கு.

எஸ்கில் காபியோடு வந்தான்.
"எட்டு நிமிடத்துக்கு நீங்கள் ஐம்பத்தொன்று."
மிச்ச நாற்பத்தெட்டைப் பற்றி அவன் பேசவில்லை.

வளையம் போட்டு உயர்த்தலாமே என்று வாதாடினேன்.
போட்டான். ஒன்று, இரண்டு, நாலு.
அந்த மெல்லிய கருப்பு மூக்கின் மேல்
புகைபோக்கி மாதிரி நின்றது அடுக்கு.
இருவரும் கொஞ்ச நேரம் அதையே பார்த்தோம்.

ஐம்பத்துநான்கு, கடுகு மஞ்சள்.
அந்த அளவில் அந்த நிறம்தான் மிச்சம்,
யாரும் வாங்காததால்.
ஏறினேன். திரையின் மேல்
துண்டைப் போட்டு மூடினான்.
ஒன்றும் தோன்றவில்லை.
அதுதான் விசித்திரம்: ஒன்றுமே தோன்றவில்லை.
கழுத்து என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.
பாய்மரக் கம்பிகளின் சத்தம் திரும்பக் கேட்டது.
எவ்வளவு நேரமாச்சு என்றேன்.
இருபத்தாறு என்றான்.

சந்தோஷப்பட்டேன் என்று சொல்ல முடியாது.
துண்டை விலக்கிப் பார்த்தேன்.
மேசை இல்லை; பாலத்துக்கு ஏறும் சாலை மாதிரி
லேசான ஒரு சரிவு.
மஞ்சளின் மேல் நாற்பத்தாறு வயதுப் பெண்,
முகம் தாழ்ந்து, எங்கோ போய்க்கொண்டிருப்பவளாக.

முன்பணம் கட்டவில்லை.
யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

விடியற்காலை மூன்றரைக்குப் பால் லாரி.
எனக்கு முந்தின ஷிப்டு ப்ரெபென், ஏறக்குறைய இரண்டு மீட்டர்.
சீட் அவன் அளவில் கிடந்தது, கால் எட்டவில்லை.
பதினோரு வருஷமாக யோசிக்காமல் செய்வதைச் செய்தேன்.
நெம்பை இழுத்து முன்னால் நாலு பல், மேலே இரண்டு,
கண்ணாடியை என் பக்கம் திருப்பி.
அவன் உயரத்தின் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

முதல் பண்ணையின் விளக்கு தெரிகிற வளைவில்
மேற்குக் காற்று லாரியை ஒரு தள்ளு தள்ளியது.
கடை ஒன்பதரைக்குத்தான் திறக்கும்.
அதற்குள்
அந்த மஞ்சளை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது.