மிச்சக் காற்று

கொண்டல் அடிக்கும்போதுதான் மெஷினை ஓட்டுவேன்.
வாடை என்றால் எண்ணூர்ச் சாம்பல்.
கச்சான் திரும்பினால் மணலி, கெட்டுப்போன முட்டை.
கடலிலிருந்து வருவது மட்டும்
ஓரளவு யாரும் தொடாத காற்று.
மொட்டைமாடிக்குக் குழாய் ஏற்றியிருக்கிறேன்,
அதன் வாயில் பழைய கொசுவலைத் துண்டு.
கிழக்கே திருப்பிவிட்டு
கீழே இறங்கி சுவிட்சைத் தட்டினால்
காசிமேட்டு வானத்தில் ஒரு அறையளவு
கரித்தூள் டப்பா வழியே வடிந்து
மஞ்சள் சிலிண்டருக்குள் போய்ச் சுருண்டுகொள்ளும்.
முள் இருநூறு பார் காட்டும்.

பார் என்றால் எனக்கு அந்த முள்.
ஹார்பர் கூலிக்கு டாஸ்மாக்.
எதிர்வீட்டு வலைக்காரர்களுக்கு
கடலடியில் மீன் கூடும் பாறை.
அமலி வந்து "பாருக்குப் போறேன், காத்து வேணும்" என்றபோது
இரண்டு நொடி முழித்தேன்.

மண்டபத்தில் மெஷின் பழுதாம்.
குருசடைத் தீவுப் பக்கம்
பவளம் எண்ணுகிற வேலையாம்.
இரும்புச் சட்டத்தைத் தரையில் போட்டு
அதற்குள் எத்தனை உயிரோடு,
எத்தனை வெளுத்தது, எத்தனை செத்தது என்று
பலகையில் பென்சிலால் எழுதுவாளாம்.
ரேஷன் கடைக் கணக்கு மாதிரி இருக்கே என்றேன்.
"அதேதான் அண்ணா, இருப்பு குறைஞ்சிக்கிட்டே வருது."

வால்வைத் திறந்து
என் வெள்ளைக் கர்ச்சீப்பை நீட்டினேன்.
எண்ணெய்க் கறை விழவில்லை.
அவளும் மூக்கை வைத்துப் பார்த்தாள்,
மீன் வாங்குகிறவள் செவுளைத் தூக்கிப் பார்ப்பதுபோல.

எனக்கு நீச்சல் தெரியாது.
கப்பலடியில் பாசி சுரண்டும் பையன்களுக்கு
இருபது வருடமாக மூச்சு அடைத்துக் கொடுக்கிறேன்.
அவர்கள் கீழே பார்ப்பது
தங்கள் கையையே காட்டாத கறுப்புத் தண்ணீர்.
இது வேறு.
வண்டி கிளம்பிய ராத்திரி படுத்துக்கொண்டு நினைத்தேன்:
என் தெருக் காற்று
அங்கே மூன்று ஆள் ஆழத்தில்
ஒரு பெண்ணின் நெஞ்சுக்குள் போய்த் திரும்பி,
குமிழாகி,
மான்கொம்புப் பவளத்தில் இடறி
மேலே ஏறிக்கொண்டிருக்கும்.
மீன்கள் விலகி வழிவிடுமோ என்னவோ.

பக்கத்தில் லோகு.
ஏழு வயது. விசில் மூச்சு.
நெபுலைசர் முகமூடியைப் பிடித்தபடியே தூங்கிவிடுவான்.
அதையும் ஒரு டைவிங் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

பதினெட்டு நாள் கழித்து சிலிண்டர்கள் வந்தன.
அமலியின் மூக்குத் தோல் உரிந்திருந்தது.
கீழே அமைதியாக இருக்குமா என்று கேட்டேன்.
"எங்கே அண்ணா,
வாணலியில் கடுகு வெடிக்கிற சத்தம். இறால் கூட்டம்.
வெளுத்த இடத்துலதான் சத்தமே இல்ல."
அதற்குமேல் சொல்லவில்லை.
அடிப்பக்க ரப்பரைக் கழற்றியபோது
அரிசி அளவில் ஒரு பவளத் துணுக்கு.
அதைக் கவரில் போட்டு ஒட்டினாள்.
திரும்பப் போகும்போது கடலில் போட வேண்டுமாம்,
நகத்தளவுகூட எடுத்துவரக் கூடாதாம்.

ஐம்பது பார் மிச்சம் வைத்துத்தான் மேலே ஏறுவார்கள்.
அந்த மிச்சத்தை நான் திறந்துவிட்டால்தான்
உள்ளே துரு பார்க்க முடியும்.
போன மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமைக் காற்று,
பவளப்பாறை வரை போய் வந்தது,
சீறிக்கொண்டு கடைக்குள் இறங்கியது.
ஸ்கூல் பையோடு நின்றிருந்த லோகு
முகத்தைக் கொடுத்தான். தலைமுடி பறந்தது.
கண்ணை இறுக்கி மூடி
நெடுநேரம் இழுத்தான்.

"இது என்ன வாசனைப்பா?"
தெரியலையேடா.
"ஒண்ணுமே வரலப்பா."

முள் பூஜ்யத்துக்கு இறங்கியது.
வெளியே ஐ.ஓ.சி. டேங்கர் ஒன்று
ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தது.

வியாழனுக்குள் பன்னிரண்டு சிலிண்டர் என்று
சீட்டு எழுதி வைத்துப் போயிருக்கிறாள்.
மூன்று நாளாக வாடை.
குழாய் வாயைச் சாக்கால் கட்டிவைத்திருக்கிறேன்.
லோகு மாடியில், வாயில் துணி கட்டி,
நூலில் ஒரு கேரி பேக்கைப் பிடித்தபடி.
அது மேற்கே பார்த்துப் பறந்தால்
கத்தச் சொல்லியிருக்கிறேன்.