பதினேழாம் கேள்வி

சமூகவியலில் சேர்ந்த அன்று
துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் அப்பா கேட்டார்:
"முடித்தால் என்னவாக ஆவாய், நினோஸ்கா?"
பல் பிடுங்கப் படித்தவன் பல் பிடுங்குவான்.
பாலம் கட்டப் படித்தவள் பாலம் கட்டுவாள்.
நான் வாயைத் திறந்தேன்.
அன்டோஃபகஸ்தாவின் வானம் மாதிரி
ஒரு சொட்டும் விழவில்லை.

ஐந்து வருடம்.
சராசரிக்குள் யார் காணாமல் போகிறார்கள்,
ஏழ்மைக்கோட்டை எந்தப் பென்சிலால் போட்டார்கள்,
பேட்டியின் நடுவே மௌனம் விழுந்தால்
எத்தனை நொடி பொறுக்க வேண்டும்
என்பதற்கெல்லாம் தேர்வெழுதினேன்.
புள்ளியியலில் இரண்டு முறை கோட்டைவிட்டேன்.
வகுப்புப் புறக்கணிப்பில் ஒரு பருவம் முழுசாய்ப் போனது.
நாற்காலிகளை வாசலில் அடுக்கி வழியை மறித்துவிட்டு
யார் அடுக்கினார்கள், யார் வேடிக்கை பார்த்தார்கள் என்று
குறிப்பும் எடுத்துக்கொண்டோம்.

மிலென்கா இப்போது செப்புச் சுரங்கத்தில்
'சமூக உறவு' அதிகாரி.
அதே மேஜையின் எதிர்ப்பக்கம்
தண்ணீர்க் கமிட்டிக்காக உட்காருபவன் எலிசியோ.
ஒரே நோட்டைப் பார்த்துப் படித்தவர்கள்.
இவள் நகர்த்தப்போகும் காய் அவனுக்கும்
அவன் தட்டப்போகும் மேஜை இவளுக்கும்
முன்கூட்டியே தெரியும்.
கூட்டம் முடிந்தால் ஒரே காரில்தான் வீட்டுக்கு.
இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
டமியானா ஷாம்பூ வாசனைக்கு ஆள்பிடித்துக் கருத்துக் கேட்கிறாள்.
ஒருவன் சிறையில்.
ஊழியனாகத்தான், பயப்பட வேண்டாம்.
ரொட்டிக்கடை வைத்தவன் சொல்கிறான்,
வரிசையில் நிற்பதைப் பார்த்தாலே
யாருக்குக் கடன் தரலாம் என்று தெரிகிறதாம்.

நான் கதவு தட்டுகிறேன்.
குடும்பக் கணக்கெடுப்பு, ஆறு மாத ஒப்பந்தம்,
சொந்தச் செருப்பு.
தகரமும் ஒட்டுப்பலகையுமாய் மேட்டில் ஏறும் குடியிருப்பு.
தண்ணீர் லாரி வரும் நாளில் போகக் கூடாது,
அன்று கேள்வி கேட்பவள் மனுஷியே இல்லை.
முதல் வணக்கம் நாய்க்கு.
'ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம்'
என்கிறது கையேடு.
கொச்சபாம்பாவிலிருந்து வந்த பெனிதா சிரித்தாள்:
"அடுப்பு ஒன்று. சிலிண்டர் இரண்டு.
சண்டை வந்தால் குடும்பம் மூன்று.
இன்றைக்கு என்ன கிழமை?
அதைப் பார்த்து எழுதிக்கொள்."
மௌனத்துக்கென்று பழகிய பொறுமையை
அந்தச் சிரிப்புக்குச் செலவழித்தேன்.

ஆகஸ்டில் கணினி சீட்டுக் குலுக்கியதில்
எங்கள் வீடே விழுந்தது.
தன் வீட்டைத் தானே அளக்கக் கூடாது, விதி.
யெர்கோவை அனுப்பினார்கள்.
நான் வெளியே போயிருக்க வேண்டும்.
சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

எத்தனை அறை? மூன்று என்றாள் அம்மா.
கார் ஷெட்டில் தம்பி படுப்பது
கணக்கில் வரவில்லை.
மாத வருமானம்? அப்பா கனைத்தார்,
பிறகு பாதியைச் சொன்னார்.
ஊரெல்லாம் நான் கண்டுபிடித்த அதே பொய்கள்
என் வீட்டு மேஜைத் துணியின் மேல்.
கோபம் வரவில்லை.
முதல் தடவையாக, ஏன் என்று புரிந்தது.

பதினேழாம் கேள்வி: மகளின் தொழில்?

யெர்கோ வாய்க்குள் எண்ணுவது எனக்குத் தெரியும்.
நானும் எண்ணினேன். நாலு, அஞ்சு, ஆறு.
"கதவு தட்டுவாள்" என்றாள் அம்மா.
"தட்ட யாருக்கும் தெரியும்" என்றார் அப்பா.
"திறக்கிறவரை நிற்பாள், அதை எழுது."

பட்டியலில் அதற்கு எண் கிடையாது.
'இதர' என்று போட்டிருப்பான், நானும் அதையே போட்டிருப்பேன்.
தாளை மடித்து எழுந்தவனை உட்காரவைத்து
அம்மா கேட்டாள்:
"நீ என்ன படித்தாய், தம்பி?"
சொன்னான்.
அவள் ஒன்றும் பேசாமல்
அவன் தட்டில் இன்னொரு ரொட்டி வைத்தாள்.