மூன்றாம் தகடு

ஆல்பம் இல்லை, மிக்ஸ்டேப் என்று திருத்தினாள் தீரில்.
இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்றேன்,
மழைக்கோட்டின் கழுத்துவழி நீர் இறங்கிக்கொண்டிருக்க.
கொஞ்சம் யோசித்தாள்.
ஆல்பம் என்றால் தலைசீவி வரவேண்டும்.
இது படுக்கையிலிருந்து அப்படியே எழுந்து வருவது.

நவம்பர். ஸ்துர்விக் படகுத்துறை. இரவு பத்தேமுக்கால்.
கடைசிப் படகுக்கு வண்டிகளைக் கையசைத்து ஏற்றுவது
பதினெட்டு வருடமாக என் வேலை.
அவளைத் தெரியும். பியானோவும் அழுகையுமாய் வானொலியில் வருவாள்,
பல் பிடுங்குகிற இடத்தில் அவள் பாட்டுத்தான் போடுவார்கள்.
நேரில் சின்ன உருவம், ஒழுகும் மூக்கு,
கையில் குச்சி, அதன் நுனியில் மயிரடர்ந்த ஒரு மைக்.
பேட்டி எனக்கில்லை,
என் காலடிக்கு.

கரைக்கும் படகுக்கும் நடுவே நான்கு இரும்புத் தகடுகள்.
முன்சக்கரம் ஏறினால் தடக். பின்சக்கரம், தடக்.
மூன்றாவதற்கு மட்டும் மறை கழன்றிருந்தது
(நம் கூட்டத்தில் ஒருத்திக்காவது கழன்றதே என்பார் ஓத்வார்).
அது தடக் என்னாது.
கொஞ்சம் பிந்தி,
அறைக்குள் வந்தபின் வந்த காரியத்தை நினைவுகூர்பவரைப் போல,
தொம்
என்னும்.

அந்தத் தொம்முக்காக மூன்று இரவு நின்றாள்.
மின்கார்கள் பிடித்திருந்தன அவளுக்கு:
சத்தமில்லாமல் எடை மட்டும் நடந்துபோகிறது என்றாள்.
மீன் ஏற்றிய போலந்து லாரிக்காரனிடம்
இன்னொருமுறை ஏறமுடியுமா என்று கேட்டாள்.
அவனும் பின்வாங்கி, ஏறினான். ஐந்து அச்சு.
படகு நான்கு நிமிடம் தாமதம்.
பதிவேட்டில் காரணம்: காற்று, என்று எழுதினேன்.

மூன்றாம் இரவு காதில் ஹெட்போனுடன்
விளக்குக் கம்பத்தடியில் ஆடினாள்.
எனக்குக் கேட்டது மழை மட்டும்.
மழைக்கு யாரும் அப்படி ஆடமாட்டார்கள்.

மார்ச்சில் வந்தது. பதினோரு பாட்டு.
ஹீட்டர்மேல் கையுறைகள் காய,
ஓய்வறையில் ஓத்வாரும் நானும் கேட்டோம்.
பியானோ, ஒரே ஓரிடத்தில், கதவிடுக்கில் பூனைபோல
எட்டிப்பார்த்துவிட்டுப் போய்விடுகிறது.
அழுகை இருக்கிறது. ஆனால் வியர்த்துக்கொண்டு அழுகிறாள்,
நிமிடத்துக்கு நூற்று இருபத்தெட்டு தடவை.
நீ போய்விட்டாய் என்கிறாள், தொம்,
நான் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, தொம்.
ஏழாவது பாட்டில் அவ்வளவுதான் வரிகள். ஆறு நிமிடம்.
இது பாட்டா பழுதா என்றார் ஓத்வார்.
மேசைக்கடியில் அவர் முட்டி ஆடிக்கொண்டிருந்தது.

பொடி எழுத்தில் நன்றி சொல்லியிருந்தாள்:
ஸ்துர்விக், தகடு எண் மூன்று.
என் பெயர் இல்லை.
நியாயம்தான், நான் எந்தச் சத்தமும் போடவில்லையே.

ஆனால் ஒன்றைச் சொல்லியாகவேண்டும்.
அந்த மறையை முடுக்கச் சொல்லி
மூன்று தடவை எழுதிக்கொடுத்தவள் நான்.
சனவரியில் ஆள் வந்தான். பனியில் முட்டிபோட்டு,
இருபதே நிமிடம்.
இப்போது நான்கும் ஒரே குரலில் தடக்.
பாதுகாப்புக்கு நல்லது. கையெழுத்தும் என்னுடையது.

நேற்று வெள்ளி. ஒரு பழைய வோல்வோ, உள்ளே ஐந்து பேர்,
இமைகளில் வெள்ளிப்பொடி, கண்ணாடிகளை இறக்கிவிட்டு
ஏழாவது பாட்டை அலறவிட்டு வந்தவர்கள்
துறை முனையில் அதை நிறுத்தினார்கள்.
நடைவேகத்தில், தலைகளை வெளியே நீட்டியபடி
தகடுகளில் ஏறினார்கள்.
தடக்.
தடக்.
தடக்.
ஓட்டிவந்த பெண் என்னைப் பார்த்தாள்,
காசை விழுங்கிவிட்டு சாக்லேட் தராத பெட்டியைப் பார்ப்பதுபோல.

பின்னால் பதினோரு வண்டிகள். காற்று வேறு, இந்தமுறை நிஜமாகவே.
இடக்கையால் வா, வா என்றேன்.
வலக்கால் பூட்ஸின் குதியைத் தூக்கி,
கொஞ்சம் பிந்தி,

இரும்பில் இறக்கினேன்.