இருந்தது இருந்தபடி

பள்ளத்தூரில் எது மேடு என்று
என்னைக் கேட்டால் சொல்வேன்.
பதினேழு வீட்டுக் கூரை ஏறியிருக்கிறேன்.
ஊர்ப் பெயருக்கு அர்த்தம்
தண்ணீருக்கு மட்டும் மறக்காது.

உமையாள் போன் செய்தது வியாழக்கிழமை.
"சிக்கந்தர் பாய், இரண்டாங்கட்டில்
சுவர் வேர்க்குது, வந்து பாருங்க."
எல்.ஐ.சி. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு
கையில் கோர்ட்டுக் காகிதத்தோடு நின்றாள்.

ஏழு புள்ளிக்கு ஒரு வீடு.
தெற்குப் பத்தி உமையாளுக்கு.
வடக்குப் பத்தி பெரியப்பா மகன் வயிரவனுக்கு,
அவர் இருப்பது ஈப்போவில்.
இரண்டு கூரையும் சரிந்து முட்டுகிற மடுவில்
நாற்பதடிக்குத் தகரக் கால்வாய்.
அது யாருடையது என்பதுதான் வழக்கு.
தேவகோட்டையில் ஒன்பதாவது வருஷம்.

"இருந்தது இருந்தபடி இருக்கணும்னு தடை ஆணை.
எதையும் மாத்திடாதீங்க.
ஒழுகாம மட்டும் பண்ணுங்க."
ஒழுக்கும் இருந்தது இருந்தபடிதானே
என்று நாக்கு நுனி வரை வந்தது.
ஏணியைச் சாய்த்தேன்.

மேலே
புறா எச்சம், வேப்பஞ்சருகு,
ஆணி இல்லாத பம்பரம் ஒன்று,
தைல டப்பா மூடி,
ஓட்டிடுக்கில் விரல் நீளத்துக்கு அரசங்கன்று.
அரசை இழுத்தால் தலை மட்டும் கையோடு வரும்.
சுண்ணாம்புக் காரையைக் கெல்லிக் கெல்லி
வேரை வெளியே கூப்பிட வேண்டும்.

பன்னிரண்டு கொக்கியில் நான்கு தளர்ந்து
தகரத்துக்கு நடுவில் தொப்பை.
டியூபில் தண்ணீர் பிடித்து மட்டம் பார்த்தேன்.
பத்தடிக்கு அரை அங்குலம் இறங்கினால் போதும்,
தண்ணீர் அதற்கு மேல் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

துருவைச் சுரண்டியதும் மூன்று ஓட்டை.
இரண்டு துரு தின்றது.
துரு தின்ற ஓட்டைக்குப் பல் இருக்கும்,
ஆணி அடித்த ஓட்டைக்கு உதடு.
மூன்றாவதற்கு உதடு இருந்தது,
சரியாக உமையாளின் அடுப்படிக்கு மேலே.
அதையும் எம்சீலால் மூடினேன்.
யார் அடித்த ஆணி என்பதெல்லாம்
எம்சீல் பாக்கெட்டில் எழுதியிருக்காது.

தண்ணீர் இறங்கும் வாய் இரண்டு.
வடக்கு வாய் திறந்திருந்தது.
தெற்கு வாயில் கையை விட்டேன்,
முழங்கை வரை போயும் காற்றில்லை.
கம்பியை வளைத்து மெல்ல இழுத்தால்
கறுத்து ஊறிய துணிச் சுருள்.
தானாக வந்து அடைத்த துணி இப்படிச் சுருண்டிருக்காது.
பிழிந்து விரித்தேன்,
எட்டுமுழ வேட்டியில் ஒரு பாதி.
மூலையில் அழியாத சலவைக் குறி:
மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

கீழே முற்றத்துக் கொடியில்
உமையாளின் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.
கூரையிலிருந்து பார்த்தாலும் தெரிந்தது
மூன்று புள்ளி, கீழே ஒரு கோடு.

தன் பக்கத்துத் தண்ணீரையும்
எதிர்ப் பக்கம் தள்ளப் பார்த்திருக்கிறார் யாரோ.
தண்ணீர் போகவில்லை.
திரும்பி உட்கார்ந்து
அடைத்தவர் சுவரையே குடித்துக்கொண்டிருந்தது.

வேட்டியைக் கால்சட்டைப் பைக்குள் திணித்து இறங்கினேன்.
"என்ன அடைச்சிருந்துச்சு?"
"சருகு."
என் பையிலிருந்து ஆத்தங்குடிக் கல்லில்
ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று.
அவள் அதைப் பார்த்தாள்.

"அப்பா போனப்புறம் பீரோவைத் திறந்தோம்.
ஒரு வேட்டி பாதிதான் இருந்துச்சு."

நான் பில் எழுதத் தொடங்கினேன்.
கொக்கி நான்கு. தார்ப்பட்டை ஆறடி.
எம்சீல் இரண்டு. வாய்க்கு வலை.
அடைப்பு எடுத்த கூலி முந்நூறு.

"அடியில ஒரு வரி சேருங்க பாய்.
தண்ணி இப்ப ரெண்டு பக்கமும் இறங்குதுன்னு."
"பில்லிலயா?"
"பில்லிலதான். போட்டோ எடுத்து
ஈப்போவுக்கு அனுப்பணும்."

எழுதிக் கொடுத்தேன்.
எம்சீல் காய ஒரு நாள் ஆகும்,
வானம் அது வரைக்கும் வாய்தா கொடுக்கணும் என்றேன்.
கொஞ்சம் சிரித்தாள்.

படி இறங்கும்போதுதான் ஞாபகம் வந்தது.
திரும்பிப் போய்ச் சொன்னேன்:
அரச வேர் முழுசா வரலை.
ஐப்பசி கழிஞ்சதும்
இன்னொரு தடவை ஏறணும்.